பூஜ்யம் சாரும் இரண்டாவது டப்பாவும்

என் அக்கா புருஷனை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பூஜ்யம் சார்" என்றால்தான் தெரியும். பஸ் டிப்போவின் கேட்டை ஒட்டி அவருடைய அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சாவிகள் தொங்கும் பலகை, மேஜைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின். டியூட்டிக்கு வரும் டிரைவர் ஒவ்வொருவரும் அந்த மெஷினில் ஊதிக் காட்டினால்தான் பஸ் சாவி கிடைக்கும். குடித்திருந்தால் மெஷின் ஓர் எண்ணைக் காட்டும். குடிக்காவிட்டால் பூஜ்யம். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, ஏலம் விடுகிறவர் மாதிரி, "பூஜ்யம்!" என்று கத்துவார். வரிசையின் கடைசியில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பவனுக்கும் அது கேட்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படிக் கத்தினால் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

அவருக்கு மெஷின் மேல் இருந்த நம்பிக்கையைவிடத் தன் கண் மேல் நம்பிக்கை அதிகம். புதிதாகச் சேரும் டிரைவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார். போதைக்கு அடிமையானவனை ஆளைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். சட்டை கசங்கியிருக்கும், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான், டியூட்டிக்கு லேட்டாக வருவான். அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கும் அவரிடம் காரணம் கைவசம் இருந்தது. ஒன்று கூடாத சகவாசம், அது இல்லையென்றால் மன உறுதி இல்லாத பிறவி. "மனசு வச்சா விடலாம். விடலைன்னா மனசு வைக்கலைன்னு அர்த்தம். இதுக்கு மேல இதுல ஒண்ணும் கிடையாது" என்று முடிப்பார். நானும் முன் வரிசையில் உட்கார்ந்து இந்த வகுப்பைக் கேட்டவன்தான். நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெல்லாம் எடுத்தேன்.

அந்தக் குறிப்பு பின்னால் எனக்கு ரொம்ப உதவியது. குடித்துக்கொண்டிருந்த நாலு வருஷமும் என் சட்டையில் மடிப்புக் கலைந்ததில்லை. பேசும்போது எதிராளியின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்ப்பேன். கண்ணைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை. உள்ளே பயம் இருக்கிறவனுக்கு அலாரம் எதற்கு? சகவாசம் என்று பார்த்தால் அதுவும் கிடையாது. தனியாகத்தான் குடித்தேன், யாருக்கும் பங்கு கொடுக்க மனசு வராமல். சாயங்காலம் ஏழு மணிக்கு நிறுத்தினால் காலையில் பூஜ்யம் வரும் என்று பழகி வைத்திருந்தேன். ஏழு ஏழரையாகி, ஏழரை ஒன்பதாகி, ஒரு காலையில் மெஷின் முப்பத்தெட்டு என்று காட்டியது.

அன்றைக்கு அத்தான் கத்தவில்லை. பதிவேட்டில் எழுதினார். என் பஸ் சாவியை எடுத்து மறுபடி பலகையில் மாட்டினார். சொந்த மச்சினன் ஆயிற்றே என்று ஒரு நொடி தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டப் போனவன் நான். அந்த ஒரு காரியத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். மற்ற காரியங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டு மாதம் சிகிச்சை மையத்தில் படுத்துவிட்டு வெளியே வந்தபோது என்னைச் சேர்த்துக்கொண்டவள் அக்கா. அவள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை கொடுத்தாள். டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. ஆறு மாதம் ஒழுங்காக இருந்து, வாராவாரம் ஊதிப் பூஜ்யம் காட்டி, கடைசியில் சோதனை அறை அதிகாரி "இவரை நம்பி பஸ்ஸைக் கொடுக்கலாம்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம். போடாவிட்டால் ஆயுசுக்கும் பிரஷ்ஷும் வாளியும்தான். சோதனை அறை அதிகாரி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிக்கும் ஆசையைக் குறைக்க மையத்தில் எனக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் ஒன்று. அதுதான் அத்தானுக்குத் தொண்டையில் சிக்கிய முள். "ஒரு போதையை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்கே. இதுக்குப் பேர் திருந்தறதா?" என்பார். தினமும் காலைச் சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அதே கேள்வி.

"மாத்திரையை விட்டாச்சா?"

"இல்லை அத்தான். டாக்டர் சொல்றப்போதான் விடணும்."

"அப்ப நானும் நீ விட்டப்புறம்தான் கையெழுத்துப் போடணும்."

அக்கா எங்கள் இருவர் தட்டிலும் முட்டையை வைத்துவிட்டு உள்ளே போவாள். பஸ் ஓட்டுவதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு எதுவும் உருப்படியாக வராது. அந்த மாத்திரையை விட்டால் மறுபடி பாட்டிலுக்குப் போய்விடுவேனோ என்ற பயம்; விடாவிட்டால் பஸ் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆறு மாதம் பஸ் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் என் அறையில் சோதனை. மெத்தையைத் தூக்குவார், தலையணையை அமுக்குவார், ஷூவுக்குள் கைவிட்டுப் பார்ப்பார். பாவம், பாட்டிலை ஒளித்துப் பழக்கமில்லாத மனுஷன், தேடவும் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. ஒரு ஞாயிறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பாடம் எடுத்துவிட்டேன்.

"அத்தான், மெத்தைக்கு அடியில எல்லாம் இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்றவன் வைக்கிற இடம். குளியலறைத் தொட்டியும் அப்படித்தான். நல்ல இடம் எது தெரியுமா? அதை நீங்க திறந்தா ஏன் திறந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது. உங்களைத் தவிர வேற யாரும் அதைத் திறக்கவும் கூடாது. நான் நாலு வருஷம் எங்க வச்சிருந்தேன்? பஸ்ல முதலுதவிப் பெட்டியில. ஒருத்தனாவது திறந்தானா?"

"சீ, வெக்கமா இல்லை உனக்கு?" என்றார். ஆனால் தேடுவதை நிறுத்திவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல ஆசிரியருக்கு நல்ல மாணவன் கிடைத்திருக்கிறான் என்பது எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு நாள் முற்பகல் மேனேஜர் அறையில் ஏதோ கூட்டம். அத்தானைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் நாற்காலியில் ஸ்டோர்காரம்மாவை உட்காரவைத்திருந்தார்கள். மதிய டியூட்டிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்; மெஷினில் சொருகி ஊதுகிற பிளாஸ்டிக் குழாய் தீர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு புதுக் குழாய் வேண்டும். மேஜைமேல் இருந்த முதல் டப்பா காலி. அந்த அம்மாவுக்கு முட்டி வலி, எழுந்திருக்க முடியாது. ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பீரோ மேல ரெண்டாவது டப்பா இருக்கு பாரு. அதை எடுத்துக் குடு."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்தேன். மேலே ஒரு வரிசை குழாய்கள், உறை பிரிக்காமல். அதற்குக் கீழே மாத்திரை அட்டைகள். பதினொரு அட்டைகள், ஆறு வெவ்வேறு மருந்துக் கடை உறைகளில்.

அந்த மாத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். வலிக்குக் கொடுக்கிற கடுமையான மாத்திரை. சிகிச்சை மையத்தில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் அதற்காகத்தான் வந்திருந்தார். அவர் ஒரு பல் டாக்டர். கசங்காத சட்டை, கண்ணைப் பார்த்துப் பேசும் சுபாவம், ஒரு நோயாளியைக்கூடக் காக்கவைத்ததில்லையாம்.

ஒரு கைப்பிடி குழாயை அள்ளி ஸ்டோர்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூடியை அழுத்தி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். திரும்ப பஸ் கழுவப் போனேன். கழுவின பஸ்ஸையே இரண்டாவது தடவை கழுவிக்கொண்டிருந்தேன் என்று மெக்கானிக் வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது.

எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அத்தான் பஸ் படியில் வழுக்கி விழுந்தார். முதுகில் அடி. பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். "வலியைப் பல்லைக் கடிச்சுத் தாங்கினேன், அதான் மன உறுதி" என்று அந்தக் கதையையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் சாயங்கால நடைப் பயிற்சி ஆரம்பித்தது. திங்கள் கிழக்குப் பக்கம், செவ்வாய் மேற்குப் பக்கம், ஒரே தெருவில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போகமாட்டார். "ஒரே வழியில போனா அலுத்துடும்" என்பார். அக்கா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு மருந்துக் கடை இருப்பதை யார் கவனித்தார்கள்?

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு வீடு வரை விசிலடித்துக்கொண்டே வந்தேன். ஆறு மாதமாக என் தலையணையை அமுக்கியவரின் குடுமி என் கையில். "கையெழுத்துப் போடறீங்களா, இல்லை மேனேஜர்கிட்ட டப்பாவைக் காட்டவா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் மிரட்டினால் கையெழுத்துதான் கிடைக்கும், வேடிக்கை கிடைக்காது. அதனால் மறுநாள் குழாய் அடுக்குகிற சாக்கில் உள்ளே போய் அந்த டப்பாவில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தேன். "இடம் அருமை. ஆனால் தினமும் திறக்காதீர்கள், மூடி தளர்ந்துவிட்டது. வாழ்த்துகளுடன், உங்கள் ஆசிரியர்."

மத்தியானத்துக்குமேல் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அன்று வரிசையில் நின்ற கடைசி பத்துப் பேருக்கு அவர் "பூஜ்யம்" என்று சொன்னது பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லையாம். மறுநாள் காலை மேஜையில் மாத்திரைக் கேள்வி வரவில்லை. ரொட்டியை மட்டும் பிய்த்தார். ஞாயிற்றுக்கிழமை நானே மெத்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன், ஆளைக் காணோம். கீழே போய், "என்ன அத்தான், இன்னிக்குச் சோதனை இல்லையா?" என்று கேட்டேன்.

"போடா" என்றார். அதில் வழக்கமான காரம் இல்லை.

திங்கட்கிழமை முதல் மூன்று நாள் லீவு போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு போட்டதே இல்லை. ஜுரம் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா போர்வையும் வெந்நீருமாக ஓடினாள். எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவர் வகுப்பில் சொன்னதை அவரே செய்து பார்க்கிறார். மனசு வைத்துவிட்டார்.

முதல் நாள் ஓயாமல் கொட்டாவி. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர். இரண்டாம் நாள் நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது ஆள் கட்டிலில் சுருண்டு கிடந்தார். கையெல்லாம் புல்லரித்துப்போய் நிற்கிறது. வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருக்கிறது. கால் இரண்டும் தானாகப் போர்வையை உதைத்துக்கொண்டே இருந்தன. அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"மனசு வச்சிட்டீங்க போல இருக்கே?"

போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

"எங்க வச்சீங்கன்னு மறந்துடாதீங்க. உங்களுக்கு ஒளிக்கறது இப்பதான் பழக்கம்."

"அது டாக்டர் குடுத்த மாத்திரைடா" என்றார், பல் கிட்டித்தபடி.

"எப்ப குடுத்தாரு?"

"நாலு வருஷம் முன்னாடி."

"எத்தனை நாளைக்கு?"

கால் போர்வையை உதைத்துத் தள்ளியது.

"பத்து நாளைக்கு" என்றார். பிறகு, "டப்பாவுல ஏன் வச்சேன்னு நினைக்கிறே? நீ வீட்டுக்கு வந்துட்டே. குடிகாரன் இருக்கற வீடு, எடுத்துடுவேன்னுதான் அங்க கொண்டுபோய் வச்சேன்" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டு நான் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். நாலு வருஷத்தில் நான் கண்டுபிடித்த சாக்குகளில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அதை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் போதைக்காகப் போடலைடா. சத்தியமா. எனக்கு அதுல கிறுகிறுப்பு எல்லாம் ஒண்ணும் வராது. போட்டா சாதாரணமா இருக்கேன். அவ்வளவுதான். போடலைன்னா இப்படி ஆயிடுது."

"நானும் அதுக்குத்தான் குடிச்சேன் அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். என் புருவத்துக்கு நடுவில் இல்லை, கண்ணை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக. அப்புறம் உதடு கோணியது. "முடியலைடா மச்சான். நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். முடியலை" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். விசிலடித்துக்கொண்டு வந்தேனே, அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு கட்டிலில், இப்படிப் புல்லரித்துப்போய், மனசு வைத்து மனசு வைத்துத் தோற்றுக் கிடந்த என்னை நினைத்து அழுதேனா அவரை நினைத்து அழுதேனா, சொல்லத் தெரியவில்லை.

வாசலில் கடைப் பையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பையைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷமாவா?" என்றாள்.

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

"நாலு வருஷமா சாயங்காலம் வந்தா கோவப்படாம இருந்தீங்களே. நான் பேசினா காது குடுத்துக் கேட்டீங்களே. வயசு ஏற ஏற மனுஷனுக்குப் பொறுமை வந்திருக்குன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தப் பொறுமையும் மாத்திரைதானா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையை உதறி ஒழுங்காகப் போர்த்தினாள். "நாளைக்குக் காலையில உங்க ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன். எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சிகிச்சை மையத்துக் கூடத்தில் மர பெஞ்சுகள். நாங்கள் நுழைந்ததும் மூன்று பேர் சட்டென்று எழுந்து நின்றார்கள். மூன்று பேரும் எங்கள் டிப்போ டிரைவர்கள், மூன்று பேரையும் பிடித்துக் கொடுத்தவர் அத்தான்தான். பழக்க தோஷத்தில் ஒருவர் மெஷினில் ஊதப் போகிறவர் மாதிரி வாயைக் குவித்துக்கொண்டே நின்றார். அத்தானுக்கு அந்த ஜுரத்திலும் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"சும்மா, மச்சினனைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

"இருபத்தேழாம் நம்பர், புதுசா வந்தவர், உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள். இருபத்தேழாம் நம்பர் சீட்டு அத்தான் கையில் இருந்தது. நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன். வாயைக் குவித்து நின்ற டிரைவர் அத்தானின் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க சார், டாக்டரம்மா கத்த மாட்டாங்க" என்றார்.

டாக்டரம்மா கத்தவில்லைதான். ஆனால் திட்டினாள். "உங்களை யாரு ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னது?"

"மனசு வச்சா..." என்று இழுத்தார் அத்தான்.

"மனசு வச்சது நல்லதுதான். உடம்பையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?"

அத்தானுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "எங்க வம்சத்துல யாரும் தொட்டதில்லை. எனக்கு சகவாசமும் கிடையாது. வேலையில ஒரு நாள் குறை வச்சதில்லை. எனக்கு எப்படிங்க இது வரும்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "சிலருக்கு ரத்தத்துல வருது. சிலருக்கு வலியில. சிலருக்குத் தூக்கம் வராததுல, சிலருக்குச் சொல்ல முடியாத துக்கத்துல. நிறையப் பேருக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். உங்களுக்கு எதுன்னு போகப் போகத்தான் தெரியும். கெட்டவரா இருந்தாதான் வரணும்னு இல்லை. சரி, அந்த முதுகு இப்ப எப்படி இருக்கு?"

நாலு வருஷத்தில் அவர் முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கால் மணி நேரம் முதுகைப் பற்றியே பேசினார்.

கடைசியில், வேறு ஒரு மாத்திரை தருவதாகவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம் என்றும் டாக்டரம்மா சொன்னாள். "மாத்திரையை விடறதுக்கு மாத்திரையா? ஒரு போதையை விட்டுட்டு இன்னொ..." என்று ஆரம்பித்த அத்தான் என் பக்கம் திரும்பினார், வாயை மூடிக்கொண்டார். நான் சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவில் மிச்சமிருந்த அட்டைகளை எல்லாம் அத்தானிடம் வாங்கி அக்காவே மையத்தில் ஒப்படைத்தாள். அத்தான் மறுபடி வேலைக்குப் போனார். ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. சோதனை அறையில் உட்காருகிறவர் இந்த மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிட்டால் மேனேஜரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது டிப்போ விதி. எழுதிக் கொடுத்தால் நாற்காலி போய்விடும். திரும்பி வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நாற்காலியும் அந்தச் சத்தமும் இல்லாவிட்டால் அத்தான் யார் என்று அவருக்கே தெரியாது. ஸ்டீயரிங் இல்லாத நான் மாதிரிதான். ஒரு வாரம் ஆனது. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலை மேஜையில் இருவரும் அவரவர் ரொட்டியைப் பிய்த்தோம்.

என் ஆறு மாதம் முடிந்த நாள் காலை. வரிசை கேட் வரை நீண்டிருந்தது. மேனேஜர் என் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரே சோதனை அறைக்கு வந்துவிட்டார். அத்தான் புதுக் குழாயை உறை பிரித்து மெஷினில் சொருகி நீட்டினார். ஊதினேன். எனக்குத் தெரிந்த பதில்தான். அத்தான் மெஷினைப் பார்த்தார். கத்தவில்லை.

"என்ன சார் வந்துச்சு?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

"பூஜ்யம்தான்" என்றார் மேனேஜர் எட்டிப் பார்த்து. "ஆனா இவரு மாத்திரை சாப்பிடறார்னு நீங்கதானே மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கீங்க? இப்ப என்ன சொல்றீங்க?"

அத்தான் இன்னொரு குழாயை உறை பிரித்தார். பழைய குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைச் சொருகினார். தன் வாயில் வைத்து, கன்னம் உப்ப, நீளமாக ஊதினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஊதி யாரும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மெஷினைத் திருப்பி மேனேஜருக்குக் காட்டினார்.

"பூஜ்யம்" என்றார், சாதாரணக் குரலில். "நாலு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு வலி மாத்திரைக்கு அடிமையா இருந்தேன். தினமும் ஒளிச்சு வச்சுப் போட்டேன். என்னிக்கு ஊதியிருந்தாலும் இது இதைத்தான் காட்டியிருக்கும். இவன் எட்டு மாசமா எல்லாருக்கும் தெரிய ஒரு மாத்திரை போடறான். ரெண்டு பேர்ல யாரை நம்பலாம்னு நீங்களே சொல்லுங்க."

அத்தான் என் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அதன்மேல் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்து கிழியும் நிலையில் இருந்தது. ஒரு வாரமாகப் பையில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். பலகையிலிருந்து என் பஸ் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினார்.

முதல் ட்ரிப். இருக்கையைச் சரி செய்தேன், கண்ணாடியைச் சரி செய்தேன், இல்லாத தூசியைத் தட்டினேன். ஸ்டீயரிங்கை ஒரு முறை முழுசாகத் தடவிப் பார்த்தேன். கேட்டில் அத்தான் கை காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறினார். கையில் சாப்பாட்டு டப்பாவும் மையத்து மருந்துச் சீட்டும். மேனேஜர் மூன்று மாதம் லீவு கொடுத்து அனுப்பிவிட்டாராம், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். பஸ் பூராவும் காலியாகக் கிடக்க, நேராக என் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"மூணாவது ஸ்டாப்ல இறங்கணும் எனக்கு. மையத்துல ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"சரி அத்தான்."

"பாத்து ஓட்டு. நேத்து கிளட்ச் கொஞ்சம் பிடிச்சுதாம்."

"சரி."

பிறகு முன்னால் குனிந்தார். ஆறு மாதம் காலைதோறும் கேட்ட அதே குரல், அதே அதட்டல்.

"மாத்திரை போட்டியா?"

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

"போட்டேன் அத்தான். நீங்க?"

"போட்டேன். வண்டியை எடு."